இறங்காத கை

இந்தப் பக்கமாக வந்து உட்காருங்கள் சார். அங்கே ஏசி இரைச்சல், நீங்கள் பேசுவது பாதிதான் வருகிறது. இப்போதெல்லாம் யாருமே வாயைத் திறந்து பேசுவதில்லை, கவனித்தீர்களா? என் மருமகள் பேசினால் உதட்டைத் தாண்டி வராது. டிவியில் செய்தி வாசிக்கிறவர்கள்கூட முழுங்கி முழுங்கி வாசிக்கிறார்கள். கொசு முன்னெல்லாம் காதில் பாடிவிட்டுத்தான் கடிக்கும். இப்போது சத்தமே இல்லாமல் வந்து கடித்துவிட்டுப் போகிறது. காலம் அப்படி.

உள்ளே போயிருப்பது உங்கள் அம்மாவா? பொள்ளாச்சியிலிருந்தா வருகிறீர்கள்? பாவம். வயதானால் காது போவது சகஜம்தான். நான் அதற்காக வரவில்லை. எனக்குக் காது நன்றாக இருக்கிறது. நன்றாக இருக்கிறது என்று ஒரு சீட்டு வேண்டும், அவ்வளவுதான். அதைக் கொண்டுபோய் எங்கள் முதலாளி மேஜையில் வைத்தால் என் நாற்காலி எனக்குத் திரும்பக் கிடைக்கும். வைக்காவிட்டால் ஓய்வு பெறும்வரை பேக்கிங் பிரிவில் உட்கார்ந்து அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். வாழ்நாள் முழுக்க ஆம்ப்ளிஃபயர் சர்க்யூட் போட்டவன் சார் நான்.

உங்கள் அம்மாவை உள்ளே கூட்டிப் போனாளே, ஒல்லியாக, வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, அவளால் வந்தது இவ்வளவும். ஆமாம், அவள்தான். பேர் எப்சிபா. மெதுவாகப் பேசவா? மெதுவாகத்தானே பேசுகிறேன். என் வீட்டுக்காரியும் இப்படித்தான், நான் ஏதாவது சொன்னால் ஏன் கத்துகிறீர்கள் என்பாள். உள்ளே இருக்கிறவளுக்குக் கேட்டால் கேட்கட்டும். நான் இல்லாததைச் சொல்லவில்லை.

எங்கள் கம்பெனி சரவணம்பட்டி தாண்டி இருக்கிறது. முதலாளி நாச்சிமுத்து. கிரைண்டர் செய்துகொண்டிருந்தவர். கிரைண்டரில் போட்டி அதிகமானதும் ஆம்ப்ளிஃபயருக்கு வந்தார். கோயில், பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் இவற்றுக்கெல்லாம் மைக் செட் பெட்டி. அவருக்கு ஆம்ப்ளிஃபயரைப் பற்றி ஒன்றும் தெரியாது. எல்லாவற்றுக்கும் 'திருமேனி சொன்னாச் செரி' என்பார். திருமேனி நான்தான். டிப்ளமாதான் படித்தேன். ஆனால் அந்தக் கட்டடத்தில் என் கையெழுத்து இல்லாமல் ஒரு சர்க்யூட் போர்டு வெளியே போனதில்லை.

கிளாஸ் டி என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? வேண்டாம், சுலபமாகச் சொல்கிறேன். பழைய ஆம்ப்ளிஃபயர் எப்படியென்றால், குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி அளவாகத் தண்ணீர் விடுவது மாதிரி. மிச்சமெல்லாம் சூடாக வீணாகும். மண்டபத்தில் பார்த்திருப்பீர்களே, பெட்டியின் மேல் கை வைக்க முடியாது. கிளாஸ் டி சிப் அப்படியில்லை. முழுசாகத் திறக்கும், முழுசாக மூடும். நடுவில் எதுவும் கிடையாது. நொடிக்கு நாலு லட்சம் தடவை திறந்து மூடும். ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதில்தான் பாட்டு இருக்கிறது. கடைசியில் ஒரு கம்பிச்சுருளும் ஒரு கண்டென்சரும் வைத்தால் அந்தத் திறந்து மூடுகிற அதிர்வை அவை விழுங்கிவிட்டுப் பாட்டை மட்டும் ஸ்பீக்கருக்கு அனுப்பும். பெட்டி சூடே ஆகாது.

சிப்பை எவனோ வெளிநாட்டில் செய்து அனுப்புகிறான். அதைச் சுற்றி என்ன வைக்கிறோம் என்பதுதான் நம் வேலை. சிப் மாப்பிள்ளை மாதிரி, வந்து உட்கார்ந்துகொள்ளும். பந்தல், பந்தி, வாசலில் வரவேற்பு எல்லாம் நாம்தான் பார்க்க வேண்டும். கண்டென்சர் சிப்பின் காலை, அதாவது ஓரத்தில் நீட்டியிருக்கிற கம்பியை, ஒட்டி இருக்க வேண்டும். ஓர் அரிசி தள்ளிப் போனாலும் சிப் கோபித்துக்கொள்ளும். அந்தச் சிப்பின் கால்களில் இரண்டு முக்கியம், மியூட் ஒன்று, பவர் ஒன்று. பெண்களுக்குக்கூடப் புரிகிற மாதிரிதான் நான் எல்லாருக்கும் சொல்லிக்கொடுப்பேன். மியூட் போட்டால் பாட்டு நிற்கும், ஆனால் சிப் உள்ளே ஓடிக்கொண்டேதான் இருக்கும். கடைக்காரன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே கணக்குப் பார்ப்பது மாதிரி. பவர் காலை இறக்கினால்தான் கடை மூடியதாக அர்த்தம். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கெல்லாம் முதல் நாள் இதைத்தான் சொல்வேன்.

எப்சிபா தரக் கட்டுப்பாட்டுக்கு மேலதிகாரியாக வந்தாள். நாகர்கோவில் பக்கம். எம்.ஈ. படித்தவள். சர்ச்சில் பாடுகிறவளாம், அதைச் சொல்லித்தான் வேலை வாங்கியிருப்பாள் என்று நினைக்கிறேன். வந்ததும் முதல் வேலையாக, சத்தம் புகாத அறை ஒன்று கட்டித் தாருங்கள் சார், பெட்டியை உள்ளே வைத்துக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று முதலாளியிடம் நின்றாள். அவர் என்னைப் பார்த்தார். தேவையில்லை என்றேன். அளந்து பார்க்கிற பொருளைக் கேட்டு என்ன செய்ய? மாதம் ஒரு தடவை அந்த அறையைக் கேட்பாள். மாதம் ஒரு தடவை நான் தேவையில்லை என்பேன். சண்டையெல்லாம் இல்லை. சிரித்துக்கொண்டேதான் சொல்வேன்.

அப்போதுதான் பள்ளிக்கூடங்களுக்கு என்று ஒரு பெட்டி செய்தேன். இரண்டு சிப். ஒன்று வகுப்பறைகளுக்கு, இன்னொன்று மைதானத்துக்கு. நான் செய்ததிலேயே அழகான போர்டு அது. உங்களுக்குக் காட்டியிருப்பேன், போனில் இருந்த படத்தைப் பேரன் அழித்துவிட்டான். ஒரு செம்புக் கோடு இன்னொரு கோட்டை வெட்டாது. கோலம் மாதிரி இருக்கும்.

அதில்தான் விசில் வருகிறது என்றாள்.

பெட்டியைப் போட்டுக் கொஞ்ச நேரம் ஆனதும் மெல்லியதாக ஒரு விசில் ஆரம்பிக்கிறதாம். சூடேறச் சூடேற மேலே ஏறுகிறதாம். நான் ஸ்பீக்கரில் காதை வைத்தேன். ஒன்றும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஒன்றுமே இல்லை. பக்கத்தில் நின்ற இரண்டு பையன்கள் ஏதோ கேட்கிற மாதிரி இருக்கிறது என்றார்கள். அவர்கள் அவள் பிரிவு, அப்படித்தான் சொல்வார்கள். நான் அவர்களைத் திரும்பிப் பார்த்ததும், இல்லை சார், ஒன்றும் கேட்கவில்லை என்றார்கள்.

அவள் சொன்ன காரணம் இது. இரண்டு சிப்பும் நொடிக்கு நாலு லட்சம் என்று தனித்தனியாக ஓடுகின்றன. ஒன்று கொஞ்சம் முன்னே, ஒன்று கொஞ்சம் பின்னே. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சுவர்க்கடிகாரம் மாட்டினால் டிக் டிக் சேர்ந்தும் பிரிந்தும் போகும் அல்லவா, அப்படி. அந்த வித்தியாசம்தான் விசிலாக வருகிறது. "சார், ஒரு சிப்போட காலிலேர்ந்து இன்னொண்ணோட காலுக்கு ஒரே ஒரு கோடு இழுத்தா போதும். ரெண்டும் சேர்ந்து ஓடும். விசில் நின்னுடும்." இதைத் தனியாக வந்து சொல்லியிருக்கலாம். கூட்டத்தில் வைத்துச் சொன்னாள். முதலாளி, கணக்குப் பிரிவு, விற்பனைப் பிரிவு எல்லாரும் இருக்கும்போது என் போர்டில் ஒரு கோடு குறைகிறது என்றாள்.

நான் கேட்டேன், "நாலு லட்சத்தைக் கேக்கறதுக்கு நீ என்ன வௌவாலா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், அதையும் சொல்ல வேண்டும். சிரித்துவிட்டு மறுநாளே கருவியில் வரைபடம் எடுத்துக்கொண்டு வந்தாள். அதில் ஊசி மாதிரி ஒன்று நின்றது. டியூப் லைட்டிலிருந்து வருகிறது என்றேன். லைட்டை அணைத்துவிட்டு எடுத்து வந்தாள். பக்கத்து அறை லைட் என்றேன். எதற்கும் அசையவில்லை. கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். அவள் கையெழுத்தும் இல்லாமல் பெட்டி வெளியே போகாது என்று முதலாளி புதிதாக ஒரு விதி போட்டிருந்தார். எனக்கு மேல் ஒரு கையெழுத்து. நீங்களே சொல்லுங்கள்.

சரி, எல்லார் முன்னாலும் பரீட்சை வைத்துவிடலாம் என்றேன். நேர்மையாகத்தான் வைத்தேன். சாப்பாட்டு நேரத்தில், பெரிய ஹாலில். எல்லாரும் டிஃபன் பாக்ஸோடு சுற்றி நின்றார்கள். பெட்டி முன்னமே போட்டிருந்தது, நன்றாகச் சூடேறட்டும் என்று அவள்தான் கேட்டாள். எப்சிபாவை ஒரு நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார வைத்தேன். ஏன் சுவரைப் பார்த்து என்றால், நான் பொத்தானை அமுக்கும்போது தோள் அசையும். கண்ணாடியிலோ ஜன்னலிலோ அதைப் பார்த்துக்கொண்டு கேட்கிற மாதிரி நடித்துவிடலாம். அது எனக்குத் தெரியும். பரீட்சை என்றால் பரீட்சை. விசில் கேட்டால் கையைத் தூக்கு, நின்றால் இறக்கு என்றேன்.

தூக்கினாள்.

நான் பொத்தானை அமுக்கினேன். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. சிவப்பு என்றால் சத்தம் இல்லை என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். கை இறங்கவில்லை. பொத்தானை விட்டேன். கை மேலேயே இருந்தது. மறுபடி அமுக்கினேன். சிவப்பு விளக்கு. கை அப்படியே. எத்தனை தடவை மாற்றினாலும் அந்தக் கை தூக்கினபடியே நின்றது சார். முதலில் யாரோ களுக்கென்றார்கள். பிறகு ஹாலே சிரித்தது. விற்பனைப் பிரிவில் தங்கவேல் என்று ஒருவன், "மேடம், கைய எறக்குங்க, பஸ்ஸு போயிருச்சு" என்றான். நாச்சிமுத்துவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவளுக்குச் சிவப்பு விளக்கு தெரியாது, சுவரைத்தானே பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. ஆனாலும் கையை இறக்கவில்லை. திரும்பிப் பார்க்காமலே சொன்னாள், "சார், இன்னும் கேக்குது. மியூட்டுதானே போட்டிருக்கீங்க? பவரை எடுங்க. எடுத்துட்டுக் கேளுங்க."

பரீட்சை முடிந்தது என்று சொல்லிவிட்டேன்.

சாப்பாட்டு நேரம் முடிகிறது, எல்லாருக்கும் வேலை இருக்கிறது. அவள் கேட்பதற்கெல்லாம் ஆடிக்கொண்டிருக்க முடியுமா? மறுநாள் முதலாளியே அவளுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட்டார். பெட்டிகள் போயின.

அதற்கப்புறம் அவளை இங்கே கூட்டி வந்ததுகூட நான்தான். அக்கறையில்தான். காதில் கோளாறு இருந்தால் சீக்கிரம் பார்ப்பது நல்லது அல்லவா. முதலாளி விளையாட்டாக, 'அப்படியே நீங்களும் ஒருக்கா பாத்துருங்க திருமேனி' என்றார். இந்த இடத்தை நடத்துகிறவர் இரண்டு பேருக்கும் டெஸ்ட் எடுத்தார். டெஸ்ட் தாளில் அவளுடைய கோடு ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக இருந்தது. என்னுடையது பாதி தூரம் நேராக வந்துவிட்டு, ஊட்டியிலிருந்து இறங்குகிற பஸ் மாதிரி கீழே போனது. ஹெட்போன் பழசு சார், மேல் ஸ்தாயிச் சத்தம் வரவில்லை என்றேன். அதே ஹெட்போனில்தான் அந்தப் பெண்ணுக்கும் எடுத்தேன் என்றார். நடுவில் ஏதாவது ஆகியிருக்கும். கழற்றி வைக்கும்போது கீழே தட்டியிருக்கலாம். அந்த டெஸ்டில் பாதியில்தான் ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் பொத்தானை அமுக்கும்போது தோள் லேசாக அசைகிறது. முதலிலேயே கவனித்திருந்தால் கோடு இறங்கியிருக்காது. அதாவது, ஹெட்போன் கோளாறையும் தாண்டி இறங்கியிருக்காது.

டெஸ்ட் முடிந்து அவள் கம்பெனிக்குத் திரும்பி வருவதற்கு முன் நான் போய்விட்டேன். என்ன ஆச்சு என்று கேட்டார்கள். அளவுக்கு மீறிக் கேட்கிறது என்றேன். அளவுக்கு மீறினால் எதுவும் கோளாறுதானே. இதில் பொய் எங்கே இருக்கிறது?

பையன்கள் சும்மா இருப்பார்களா. அவள் காரிடாரில் நடந்தால் பின்னாலிருந்து 'ஸ்ஸ்ஸ்' என்பார்கள். குக்கர் என்று பேர் வைத்தார்கள். அவள் எந்தப் பெட்டியில் எந்தக் குறை எழுதினாலும், மேடம், இது பெட்டியிலயா, காதுலயா என்று கேட்பார்கள். ஒருநாள் அவள் கேண்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நிஜமாகவே உள்ளே குக்கர் விசில் அடித்தது. எல்லாரும் அவளைப் பார்த்தோம். அவள் சாப்பாட்டை மூடி வைத்தாள். பிறகு பக்கத்தில் இருந்த பெண்ணிடம், இப்ப விசில் வந்துச்சா என்று கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டிருப்பாள் போல, அந்தப் பெண் தங்கவேலிடம் சொல்லி, தங்கவேல் என்னிடம் சொன்னான். இரண்டு நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

வேலையை விட்டுவிட்டாள். நான் போகச் சொல்லவில்லை. வீட்டில் சும்மா இருந்தாள் என்றார்கள். சர்ச்சில் பாடுவதையும் நிறுத்திவிட்டாளாம். சுருதி சேர்கிறதா இல்லையா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டதாம். அதற்கும் நானா பொறுப்பு? பாட்டு சாமிக்குத்தானே. சாமி சுருதி பார்க்குமா? பிறகு இங்கே வைத்துக்கொண்டார்கள். காதில் மாட்டுகிற மிஷினைக் காதால் கேட்டுச் சரிபார்க்க ஆள் வேண்டுமாம். எம்.ஈ. படித்தவள் பஞ்சு வைத்துக் கிழவர்கள் காதைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

என்ன? இல்லை, இன்னும் வரவில்லை. கதவு மூடித்தான் இருக்கிறது.

பிறகுதான் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வர ஆரம்பித்தது. அவிநாசிப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். பிரேயரில் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்களாம். நானே நேரில் போனேன். தலைமையாசிரியை நல்ல மாதிரி, என் வயது இருக்கும். நானும் அவரும் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றோம். எனக்கும் கேட்கவில்லை, அவருக்கும் கேட்கவில்லை. எதிரே மைதானம் முழுக்கப் பிள்ளைகள், இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு. ஒருத்தி ஆரம்பித்தால் மற்றதெல்லாம் பிடித்துக்கொள்ளும் மேடம், இதைவிடப் பெரிய பிள்ளைகளே எங்கள் ஆபீசில் இப்படி நடித்திருக்கிறார்கள் என்றேன். அவருக்குப் பட்டென்று புரிந்துவிட்டது. எல்லாரும் கையைத் தூக்குங்கள் என்றார். தூக்கினார்கள். கை மேலே இருந்தால் காதைப் பொத்த முடியாதல்லவா? கெட்டிக்காரர். பிரேயர் முடியும்வரை அப்படியே நிற்கச் சொன்னார். முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் கையைத் தூக்கியபடியே அழுதது. சத்தம் வரவில்லை, வாய் மட்டும் கோணிக்கொண்டிருந்தது. அவ்வளவு கை ஒன்றாகத் தூக்கி நின்றதைப் பார்த்தபோது எனக்கு ஏனோ எப்சிபா ஞாபகம் வந்தது. ஏன் வந்தது என்று தெரியவில்லை. அப்புறம் அவர் அறையில் டீ கொடுத்தார்கள். டீ நன்றாக இருந்தது.

அதோடு முடிந்திருக்கும். புதிதாக வந்த பி.டி. வாத்தியார் ஒருவன், சின்னப் பையன், அவனுக்கும் அந்த விசில் கேட்டிருக்கிறது. பெற்றோர்களைக் கூட்டிவிட்டான். ஒரு பள்ளிக்கூடம் திருப்பி அனுப்பியது, அடுத்தது அனுப்பியது, பிறகு லாரியில் வந்தன. நான் ஆசையாகப் போட்ட போர்டு சார், கம்பெனி வாசலுக்கு உள்ளே மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடந்தது.

முதலாளி ஃபாசில் என்று ஓர் இன்ஜினியரைப் புதிதாக எடுத்தார். அவன் வந்து பெட்டியைத் திறந்தான், ஒரு சிப்பின் காலிலிருந்து இன்னொன்றின் காலுக்கு ஒரு கம்பி வைத்தான். கோடுகூட இல்லை, வெறும் கம்பி. கோலத்துக்கு நடுவில் பிய்ந்த கயிற்றைப் போட்ட மாதிரி. சுற்றி நின்றவர்கள் எல்லாம் 'அப்பாடா' என்றார்கள். நின்றுவிட்டதாம். எனக்கு முன்னாலும் ஒன்றும் கேட்கவில்லை, பின்னாலும் ஒன்றும் கேட்கவில்லை. நான் எதை வைத்து நம்புவது?

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அவன் அடுத்து ஒன்று சொன்னான். யாரோ அவனிடம் அந்தக் கைதூக்கிய பரீட்சையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். மரியாதையாகத்தான் சொன்னான். "சார், நீங்க அன்னிக்கு மியூட்டு மட்டும் போட்டிருக்கீங்க. சிப் உள்ள ஓடிட்டுத்தானே இருக்கும், விசில் எப்படி நிக்கும்? அதான் மேடம் கையை எறக்கல. நீங்க டென்ஷன்ல மறந்திருப்பீங்க."

மறந்திருப்பேனாம். மியூட் காலுக்குக் கோடு இழுத்தவன் நான். வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் முதல் நாள் பாடமாக அதைச் சொல்லிக்கொடுப்பவன் நான். நேற்று வந்தவன், ஓர் ஆரம்பப் பாடத்தை நான் மறந்துவிட்டேன் என்கிறான். எனக்கு எப்படி இருந்திருக்கும்? சொல்லிவிட்டேன், "தம்பி, மியூட்டுல சிப் ஓடும்னு எனக்கு நீ சொல்லித் தர வேண்டாம். அன்னிக்கு அந்தப் பொத்தானை அமுக்கும்போது அது எனக்கு நல்லாத் தெரியும்."

நாச்சிமுத்து பின்னால் நின்றிருக்கிறார். வந்ததே எனக்குத் தெரியாது, செருப்புச் சத்தம்கூடக் கேட்கவில்லை. முன்னால் வந்து கேட்டார், "அப்பத் தெரிஞ்சேதான் அந்தப் புள்ளைய அப்படி உக்கார வெச்சீங்களா திருமேனி?"

இந்தக் கேள்விக்கு என்ன பதில் இருக்கிறது சார்? மறந்தேன் என்றால் வேலை தெரியாதவன் ஆகிறேன். தெரியும் என்றால் வேறு மாதிரி ஆகிறது. சில சமயம் படுத்துக்கொண்டு யோசிப்பேன். அன்றைக்கு என் விரல் எதை நினைத்து அந்தப் பொத்தானுக்குப் போனது? பவர் பொத்தான் அதற்குப் பக்கத்திலேயேதான் இருந்தது. யோசிக்க ஆரம்பித்தால் தலை வலிக்கிறது, விட்டுவிடுவேன். அவரிடம் சொன்னேன், நான் எதையும் மறக்கிறவன் இல்லை என்று. அதைத்தானே சொல்ல முடியும்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. மறுநாள் என் மேஜையில் ஃபாசில் உட்கார்ந்திருந்தான். என் பையும் தண்ணீர் பாட்டிலும் பேக்கிங் பிரிவில் இருந்தன. போய்க் கேட்டதற்கு, "காது செரியா இருக்குதுன்னு ஒரு சீட்டு வாங்கிட்டு வாங்க. அப்புறம் பேசிக்கலாம்" என்றார். தங்கவேல் இருக்கிறானே, என்னோடு சேர்ந்து அவ்வளவு சிரித்தவன், இப்போது நான் டேப் கிழிக்கும்போது பின்னால் வந்து நின்று ஏதோ செய்கிறான். என்ன செய்கிறான் என்று தெரியவில்லை. பெண்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். நான் திரும்பினால் உதட்டைக் குவித்தபடி நிற்கிறான்.

என் வீட்டுக்காரி ஒரு பைத்தியம். நேற்று ராத்திரி சாப்பாடு போடும்போது சொல்கிறாள், "காது நல்லாருக்குன்னு சீட்டு கொண்டுபோய்க் கொடுத்தா, அப்ப அந்த விசிலு உங்களுக்குக் கேட்டுச்சுன்னு ஆயிடாதா? காது கேக்கலைன்னே சொல்லிருங்களேன். பாவம்னாவது விட்டுருவாங்க." பாவம் என்று விடவா நான் இவ்வளவு வருடம் வேலை பார்த்தேன்? சர்க்யூட் தெரியாதவளிடம் என்ன பேச.

இன்றைக்கு சீட்டு கிடைத்துவிடும் சார். எப்படியென்று உங்களிடம் சொல்வதில் தப்பில்லை. தோள்தான். டெஸ்ட் எடுக்கப்போவது எப்சிபாதான், அவள் பொத்தானை அமுக்கும்போதெல்லாம் தோளைப் பார்த்துக்கொண்டு நான் கையைத் தூக்கிவிடுவேன். கோடு நேராக வரும். ஒரு சந்தேகம் வந்தது, இல்லாமல் இல்லை. அவள் தோளை மட்டும் அசைத்துவிட்டுச் சத்தத்தை அனுப்பாமல் இருந்தால்? நான் பாட்டுக்குக் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இங்கே இருக்கிற எல்லாரும் கண்ணாடி வழியாகப் பார்ப்பார்கள். அவள் நினைத்தால் செய்யலாம். ஆனால் செய்ய மாட்டாள். நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. அந்த ஒரு விஷயத்தில் அவளை நான் முழுசாக நம்புகிறேன்.

அதோ, உங்கள் அம்மா வந்துவிட்டார்கள். பார்த்து, படி இருக்கிறது. வாங்கம்மா, இப்படி உட்காருங்கள். டெஸ்ட் எப்படி இருந்தது? என்ன சொல்கிறார்கள்? கொஞ்சம் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள் சார்.

சுவரைப் பார்த்தா?

நாற்காலியைத் திருப்பியா போட்டிருக்கிறார்கள்? இல்லையே, போன தடவை கண்ணாடியைப் பார்த்துத்தானே இருந்தது. அம்மாவுக்குச் சரியாகத் தெரிந்திருக்காது, இன்னொரு தடவை கேளுங்கள். அவளே திருப்பிப் போட்டாளா? எல்லாருக்கும் இப்படித்தான் போடுகிறாளா, இல்லை இன்றைக்கு மட்டுமா? எல்லாருக்குமா?

சரி, சரி. அதுதான் முறை. சுவரைப் பார்த்துத்தான் உட்கார வைக்க வேண்டும். என்னிடம் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான்.

சார், ஓர் உதவி. அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள், ஒரு சத்தத்துக்கும் அடுத்த சத்தத்துக்கும் எவ்வளவு இடைவெளி விட்டாள்? குத்துமதிப்பாகத் தெரிந்தால்கூடப் போதும், நான் பார்த்துக்கொள்வேன். ஞாபகம் இல்லையா? இல்லாவிட்டால் நீங்கள் அந்தக் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அவள் தோள் அசையும்போது லேசாக இருமினால்... வேண்டாம். அந்த அறைக்குள் வெளிச்சத்தம் புகாது. கதவைச் சாத்தினால் நம் மூச்சே நமக்குப் பெரிதாகக் கேட்கும். நல்ல அறை. இந்த மாதிரி ஒன்றுதான் அவள் மாதா மாதம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஏன் என் முழங்கையைத் தொடுகிறீர்கள்? கதவிலா? ஆமாம், அவள்தான். நின்றுகொண்டிருக்கிறாள். என்னைத்தான் பார்க்கிறாள். உதடு அசைகிறது.

எத்தனை தடவை கூப்பிட்டாள் சார்?